ஒரு சொல்லும் ஒரு நாடும்

 

ஓர் இனத்தின் மண்ணைப் பறிக்கப் படைதான் வேண்டுமென்பதில்லை. ஒரு சொல்லும் போதும். நியூசிலாந்தின் தொல்குடியினராகிய மாவோரியரின் வரலாறே இதற்குச் சான்று.

1840 பிப்பிரவரி 6-இல் வைத்தாங்கி என்னுமிடத்தில் மாவோரித் தலைவர்கள் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்தனர். ஆங்கிலப் படியில், 'இறையாண்மை' அரசிக்குத் தரப்பட்டதாக எழுதப்பட்டிருந்தது. மாவோரிப் படியிலோ தரப்பட்டது 'ஆளுகை' மட்டுமே; நிலத்தின்மீதும் ஊர்களின்மீதும் முழுத்தலைமை அத்தலைவர்களுக்கே! பின்னர்ப் பிறவிடங்களிலும் ஒப்பமிட்டோரைச் சேர்த்து ஏறத்தாழ 540 பேர். அவருள் 500 பேர்க்கு மேற்பட்டோர் ஒப்பியது தம் மொழிப் படியையே. ஆட்சியாளரோ ஆங்கிலப் படியையே பற்றிக்கொண்டனர். 1860-களில் போர் மூண்டது, நிலங்கள் பறிக்கப்பட்டன, பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் அடிபட்டனர்.

அவர்கள் ஓய்ந்தார்களா? இல்லை! 1975-இல் நிலவுரிமை கேட்டு நெடுநடை நடந்தனர். அவ்வாண்டே வைத்தாங்கி முறைமன்றத்திற்குச் சட்டம் பிறந்தது. 1982-இல் மழலையர்க்கு 'மொழிக்கூடுகள்' கண்டனர். 1987-இல் மாவோரி ஆட்சிமொழியாயிற்று. 2014-இல் அம்முறைமன்றம், 1840 பிப்பிரவரியில் ஒப்பமிட்ட வடபுலத் தலைவர்கள் இறையாண்மையை விட்டுக்கொடுக்கவில்லை என்றே அறைந்தது. அரசு அதனை ஏற்கவில்லை, வழக்கு முடிந்தபாடில்லை.

எனினும் ஒன்று தெளிவு. அவ்வுடன்படிக்கை மாவோரி மொழியிலும் இருந்தமையாலன்றோ 174 ஆண்டு கழிந்தும் அவர்தம் உரிமை உயிர்த்தெழுந்தது! அம்மொழியைப் படித்துப் பொருளுரைக்க ஆளில்லாது போயிருப்பின் அச்சான்றும் ஊமையாகியிருக்கும்.

மண்ணுரிமைக்கு மொழியே முதல் ஆவணம். அதனை இழந்தவன் எதனைக் காட்டி வழக்குரைப்பான்? எண்ணிப் பாருங்கள்!