கணினியும் கள்ளாமையும்

(இளைஞர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

 

சமயமும் ஒழுக்கமும் வளர்க்கும் மன்றத்தின் மேடையிலே கணினியைப் பற்றிப் பேச என்ன இருக்கின்றது எனப் பெரியோர் சிலர் எண்ணுதல் கூடும். ஆயினும் கோயிற் கணக்கும், அங்கத்தவர் பதிவும், பிள்ளைகளின் பாடக்குறிப்பும், ஆண்டு மலருக்கான கட்டுரைகளுங்கூட இன்று கணினிக்குள்ளேயே வைக்கப்படுகின்றன. பொருள் இருக்கும் பெட்டகத்தின் பூட்டைப் பற்றிப் பேசுவது வீண்பேச்சாகாது. அப்பூட்டு உறுதியானதா, அதன் திறவுகோல் யாருடையது என்னும் இரண்டு கேள்விகளையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

கணினியின் உறுப்புக்கள் யாவற்றையும் ஒருமுகப்படுத்தி இயக்கும் மென்பொருளைப் பாடசாலை நூல்கள் ‘பணிசெயல் முறைமை’ என்று கூறும். நம் வீடுகளிலே பெரும்பாலும் இருப்பது மைக்ரோசொப்ட் கம்பனியாரின் விண்டோஸ். அதன் பத்தாம் பதிப்பு 2015ம் ஆண்டு யூலை 29ந் திகதி வெளிவந்தது. அதற்கு அளிக்கப்பட்டு வந்த பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025ம் ஆண்டு ஒக்டோபர் 14ந் திகதியோடு முடிவுற்றன.

‘அதற்குப் பின்னரும் எங்கள் கணினி ஓடுகின்றதே!’ என்பாருளர். உண்மை, ஓடும். சாகாமக் குளத்தின் கட்டைத் திருத்துவார் இல்லாது விட்டாலும் மறுநாளே குளம் உடைந்துவிடாது; அந்தப் போக வேளாண்மைக்குத் தண்ணீரும் பாயும். ஆனால் நண்டு துளைத்த ஓட்டையும் வேர் பிளந்த வெடிப்பும் அடைபடாமலே கிடக்கும். பெருமழை வரும் நாளிலேதான் அலட்சியத்தின் விலை தெரியவரும்.

அத்தகைய பெருமழையொன்று 2017ம் ஆண்டு மே 12ந் திகதி பெய்தது. ‘வன்னாகிரை’ எனப்பட்ட தீநிரல் 150 நாடுகளுக்கு மேற் பரவிக் கோப்புக்களைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்டது. இங்கிலாந்திலே அரசாங்க மருத்துவமனைகள் பலவற்றிலிருந்து நோயாளர் திருப்பி அனுப்பப்பட்டனர். அத்தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்னரே, மார்ச் மாதத்தில், வெளியிட்டிருந்தது. திருத்தத்தை ஏற்றவர் தப்பினர். ஏற்காதவரும், திருத்தம் கிடையாத பழைய பதிப்பை வைத்திருந்தவரும் அகப்பட்டனர்.

ஆகவே பதிப்பை உயர்த்துதல் வேண்டும். முறையான உரிமமுள்ள பத்தாம் பதிப்பிலிருந்து 2021ல் வெளிவந்த பதினோராம் பதிப்புக்குச் செல்லக் கட்டணமில்லை. ஆனால் இயந்திரம் அதற்குத் தகுதியுடையதாயிருத்தல் வேண்டும். 4 கிகாபைற் நினைவகமும், 64 கிகாபைற் சேமிப்பிடமும், ‘ரி.பி.எம். 2.0’ என்னும் பாதுகாப்புச் சில்லும், அங்கீகரிக்கப்பட்ட செயலியும் தேவை. இன்ரெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாந் தலைமுறையும் அதற்குப் பிந்தியனவுமே ஏற்கப்படும். பழைய கணினிகள் பல இங்கேதான் தடைப்படுகின்றன. அவற்றுக்கு வேறு வழியுண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

இனி, திறவுகோல் யாருடையது என்னும் இரண்டாங் கேள்விக்கு வருவோம். உரிமம் என்பது யாது? நம் பெரியோர் உறுதிக் காணிக்கும் பெர்மிட் காணிக்கும் உள்ள வேற்றுமையை நன்கறிவர். பெர்மிட் காணியிலே உழலாம், விதைக்கலாம், குடியிருக்கலாம். நினைத்தபடி விற்க முடியாது. மென்பொருளும் அத்தகையதே. நாம் விண்டோஸை விலைக்கு வாங்குவதில்லை. பயன்படுத்தும் அனுமதியையே பெறுகின்றோம். கணினியோடு சேர்ந்து வரும் அனுமதி அந்தக் கணினிக்கே உரியது. தனியாக வாங்கிய அனுமதியைப் பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதொன்றில் இடலாம். ஒரே வேளையில் இரண்டில் இடுதல் ஆகாது. இந்த அனுமதி உண்மையானதா எனக் கம்பனியாரின் ஏட்டோடு ஒப்புநோக்கும் செயலே ‘அக்டிவேஷன்’ எனப்படுவது. 2001ல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி முதலாக இம்முறை வழக்கில் உள்ளது.

இவ்விடத்திலே நம்மவர் பலர் அறியாத செய்தியொன்றை வற்புறுத்த விரும்புகின்றோம். விண்டோஸ் 8 வெளிவந்த 2012ம் ஆண்டிலிருந்து, விண்டோஸுடன் விற்கப்படும் மடிக்கணினிகளில் 25 எழுத்துக் கொண்ட திறவுகோல் பொதுவாகத் தாய்ப்பலகையிலேயே பொறிக்கப்பட்டு வருகின்றது. பழுதுற்ற கணினிக்கு மறுபடியும் அதே வகை விண்டோஸை இட்டால், திறவுகோல் தானாகவே அறியப்படும். எவருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நடப்பது என்ன? ‘ஹோம்’ வகைக்கு உரிமமுள்ள கணினியிலே, கேட்பாரின்றி ‘புரோ’ வகை இடப்பட்டு, கள்ள நிரலொன்றினால் அக்டிவேஷன் செய்யப்படுகின்றது. கணினிக்குரியவரோ அதற்கும் காசு கொடுத்து வருகின்றார். தன் வீட்டுக் கிணறு நிறைந்திருக்க அயலான் கிணற்றிலே களவாகத் தண்ணீர் அள்ளி, அதற்குக் கூலியும் கொடுத்தவாறன்றோ இது!

கள்ள நிரலின் தீமை காசோடு முடிவதில்லை. அதனை இடுவதற்கு முன்னர் ‘வைரஸ் காப்பு நிரலை நிறுத்துக’ என்பதே பெரும்பாலும் முதற் கட்டளை. காவல் நாயைக் கட்டிவிட்டு, முன்பின் அறியாதவனை நடுநிசியில் வீட்டுக்குள் அழைப்பவர் உண்டோ? அவன் என்ன வைத்துச் சென்றான் என்பதைப் பின்னர் யார் சொல்ல வல்லார்? சட்டமும் இதனைப் பொறுப்பதில்லை. இலங்கையின் 2003ம் ஆண்டு 36ம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கின்றது. உரிமை மீறிய நிரலென்று அறிந்தும் வணிக ஆதாயத்துக்காகப் பயன்படுத்துவோர்க்கு ஆறு மாதம் வரை சிறையோ, 500,000 ரூபா வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ரியூசன் வகுப்பு நடத்துவோரும், கொம்யூனிக்கேஷன் கடை வைத்திருப்போரும் இதனைக் கருத்திற் கொள்வாராக.

சட்டத்துக்கு அஞ்சி நடப்பது கீழ்ப்படி. அறத்துக்காக நடப்பதே மேற்படி. யோக சாத்திரம் கூறும் ஐந்து யமங்களுள் அஸ்தேயம் ஒன்று. வள்ளுவப் பெருந்தகை கள்ளாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். நாம் பயின்ற மிஷன் பாடசாலையிலே கற்பித்த பத்துக் கட்டளைகளுள்ளும் களவு விலக்கப்பட்டது. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் வாழும் நம் முஸ்லிம் சகோதரர்களின் மார்க்கமும் அதனையே விலக்குகின்றது. கண்ணுக்குத் தெரியாத பொருளைத் திருடினால் அது திருட்டாகாது என்று எந்தச் சமயமும் கூறவில்லை.

‘விவசாயியின் பிள்ளை உரிமத்துக்குப் பணத்துக்கு எங்கே போவான்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடையும் நேர்மையானதாக உள்ளது. 1991ல், பின்லாந்து தேசத்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தமது 21ம் வயதிலே தொடக்கி உலகுக்கு வழங்கியது லினக்ஸ். அதனை அடியாகக் கொண்ட உபுந்து, லினக்ஸ் மின்ற் முதலியவற்றுக்குக் கட்டணமுமில்லை, அக்டிவேஷனுமில்லை. பிரதி செய்து அயலாருக்குக் கொடுத்தல் குற்றமன்று, கொடையாகும். பதினோராம் பதிப்பு ஏற்காத பழைய கணினிகள் பல இதிலே நன்கு ஓடும்.

இது அந்நியர் பிச்சையுமன்று. 2004 டிசம்பர் 26ல் ஆழிப்பேரலை நமது அம்பாறைக் கரையைச் சூறையாடியபோது, இலங்கை மென்பொருளாளர்கள் தொண்டர்களாகக் கூடி, காணாமற்போனோரையும் நிவாரண முகாம்களையும் பதிவு செய்ய ‘சஹானா’ என்னும் கட்டற்ற மென்பொருளை ஆக்கினர். 2005ல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியிலும் அது பயன்பட்டது. நம் கண்ணீரிலே பிறந்தது பிறர் கண்ணீரைத் துடைத்தது. இத்தகைய கொடை மரபு நம் நாட்டிலேயே இருக்கக் களவு எதற்கு?

லினக்ஸிலும் குறையில்லாமலில்லை. விண்டோஸுக்கென ஆக்கப்பட்ட சில நிரல்கள் அதில் ஓடா. சில அச்சுப்பொறிகள் முரண்டு பிடிக்கும். ஆகவே பென் டிரைவிலிருந்தே அதனை இயக்கி, கணினியில் எதனையும் மாற்றாமல் ஒருநாள் பரீட்சித்துப் பார்த்தபின் முடிவு செய்க.

எவ்வழியைக் கொண்டாலும் சில முன்னெச்சரிக்கைகள் அவசியம். கோப்புக்கள் யாவற்றையும் முதலில் வேறொரு வன்தட்டிலே பிரதி செய்க. பாமினி எழுத்துருவையும் மறவாது எடுத்து வைக்க; அது இல்லையேல் பழைய தமிழ்க் கட்டுரைகள் யாவும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாய்த் தோன்றும். புதிதாக எழுதுவனவற்றை யூனிக்கோட்டிலேயே எழுதுக. விண்டோஸாயின், செற்றிங்ஸ் பகுதியிலே அக்டிவேஷன் நிலையைப் பார்த்து, உரிமத்தை உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கோடு இணைக்க. பிற்காலத்திலே தாய்ப்பலகை மாறினாலும் உரிமையை நிலைநாட்ட அது உதவும். மின்சாரம் தடைப்படக்கூடிய நேரத்திலே வேலையைத் தொடங்கற்க.

மன்றத் தலைவர்க்கு ஒரு விண்ணப்பம். ஒரு போயா விடுமுறையை இப்பணிக்கென ஒதுக்குவோம். ஊரவர் தம் கணினிகளைக் கொண்டு வரட்டும். இளைஞராகிய நாம் ஒவ்வொன்றையும் பரிசோதித்து, உரிமம் உள்ளதை உயர்த்தி, இல்லாததற்கு லினக்ஸ் இட்டுக் கொடுப்போம். வயலிலே ஒருவர்க்கொருவர் கைமாற்று வேலை செய்தவர் நம் முன்னோர். அக்கைமாற்று கணினிக்கும் பொருந்தும்.

நமது கணினி பழையதாயிருக்கலாம். அதில் இருப்பது நமக்குரியதாயிருக்கட்டும். திருக்கோவிலிலே எழுந்தருளியிருக்கும் சித்திரவேலாயுதப் பெருமான் திருவருள் இம்முயற்சிக்குத் துணை நிற்பதாக.