அடங்கலில் என்ன மாறியது?
கே.ஆர். கௌரியம்மாவும் கேரள நிலச் சட்டமும்



இந்த உரையை நடத்தும் அறக்கட்டளையை நிறுவிய ஐயா வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த அமைச்சரைப் பற்றிப் பேச்செடுத்தாலும் முழுக்கக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: “சரி தம்பி, அடங்கல்ல என்ன மாறுச்சு?” எத்தனை தேர்தலில் ஜெயித்தார், மேடையில் எப்படிப் பேசினார் என்பதெல்லாம் அவர் காதில் ஏறாது. உழுகிறவன் பெயர் அடங்கல் என்ற கிராமக் கணக்கில் ஏறியதா என்பதுதான் அவருடைய அளவுகோல். அந்தக் கேள்வியை இன்று மலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன்.

கே.ஆர். கௌரியம்மா 1919 ஜூலை 14 அன்று சேர்த்தலையை அடுத்த பட்டணக்காட்டில் பிறந்தார். வசதியான ஈழவக் குடும்பம். எர்ணாகுளத்தில் படித்து, திருவனந்தபுரம் சட்டக் கல்லூரியில் தேறினார். அந்தச் சமூகத்தில் சட்டம் படித்துப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். 1946 அக்டோபரில் கம்யூனிஸ்ட் தொழிலாளர்களின் எழுச்சியை ஒடுக்கப் புன்னப்புரையிலும் வயலாரிலும் துப்பாக்கிகள் வெடித்தபோது, வயலார் அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். 1948இல் கம்யூனிஸ்ட் தலைவர் பி. கிருஷ்ணபிள்ளை அவரைக் கட்சி உறுப்பினர் ஆக்கினார். அதே ஆண்டு நின்ற முதல் தேர்தலில் தோற்றார். 2011இல் நின்ற கடைசித் தேர்தலிலும் தோற்றார். இடையில் 13 முறை வென்றார். தேர்தல் கணக்கை இதோடு விட்டுவிடுகிறேன், ஐயாவுக்குப் பிடிக்காது.

1957 ஏப்ரல் 5 அன்று கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடின் கம்யூனிஸ்ட் அமைச்சரவை பதவியேற்றது. 11 பேரில் ஒரே பெண் கௌரியம்மா. கையில் வருவாய்த் துறை. ஆறே நாளில், ஏப்ரல் 11 அன்று, குடியொழிப்புத் தடை அவசரச் சட்டம் வந்துவிட்டது. இந்த ஆறு நாளைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். நிலச் சீர்திருத்தம் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பினாலே நில உடைமையாளர்கள் என்ன செய்வார்கள் என்பது நம் தஞ்சை மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சட்டம் வருவதற்குள் குத்தகைக்காரனை வெளியேற்றிவிட்டு, சொந்தப் பண்ணை என்று கணக்கெழுதிவிடுவார்கள். பிறகு சட்டம் வந்து யாருக்கு உரிமை கொடுப்பது? பெரிய சட்டத்தை எழுத ஆண்டுகள் ஆகும், அதுவரை இருக்கிறவன் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்பதுதான் அந்த அவசரச் சட்டத்தின் சாரம். நில வழக்கின் போக்கு தெரிந்தவர்கள்தான் முதல் வாரத்திலேயே இப்படி யோசிப்பார்கள்.

அடுத்த வேலை கடினம். புதிய கேரளம் மூன்று துண்டுகளை ஒட்டியது: திருவிதாங்கூர், கொச்சி, மதராஸ் மாகாணத்திலிருந்து போன மலபார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குத்தகை முறை, தனித்தனிச் சட்டம். காணம், வெறும்பாட்டம், வாரம் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். ஒரு நிலத்தில் ஜன்மி எனப்படும் உடைமையாளருக்கும் உழுகிறவனுக்கும் நடுவே இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். இவை எல்லாவற்றையும் ஒரே மசோதாவுக்குள் கொண்டுவந்து 1959 ஜூன் 10 அன்று நிறைவேற்றினார்கள். இரண்டு நாளில் ஆட்சிக்கு எதிரான ‘விமோசன சமரம்’ என்ற போராட்டம் தொடங்கியது. ஜூலை 31 அன்று ஆட்சியே கலைக்கப்பட்டது. அதே ஆட்சியின் கல்வி மசோதாவும் காரணம்தான், சமுதாய அமைப்புகளும் காரணம்தான். ஆனாலும் நில மசோதா இல்லாமல் அந்தக் கோபத்துக்கு அவ்வளவு வேகம் வந்திருக்காது என்றே எனக்குப் படுகிறது.

பிறகு நடந்தது நம்மோடு தொடர்புடையது. குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்பி, திருத்தப்பட்டு, 1961இல் ஒப்புதல் பெற்ற அந்தச் சட்டத்தை அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஓரிடத்தில் வெட்டியது. எந்த இடத்தில்? காசர்கோடு, ஹோஸ்துர்க் வட்டங்களின் ரயத்துவாரி நிலங்களில். அவை தென் கன்னட மாவட்டத்தில், மதராஸ் அரசின் கணக்கில் இருந்தவை. நில உடைமைச் சட்டங்களுக்கு அரசியலமைப்பு கொடுத்திருந்த பாதுகாப்பு ‘எஸ்டேட்’ எனப்படும் நிலத்துக்குத்தான்; ரயத்துவாரி பட்டா நிலம் அங்கே எஸ்டேட் ஆகாது என்றது நீதிமன்றம். நம் ஊரில் உழவனுக்கும் அரசுக்கும் இடையே எவரும் இல்லாத முறை என்று பெருமையாகச் சொல்லப்பட்ட ரயத்துவாரி, அங்கே குத்தகைக்காரனுக்கு எதிராக நின்றது. வருவாய்த் துறை நண்பர்கள் இதை ரசிப்பார்கள் என்று நினைக்கிறேன். ரசிக்கக் கூடாதுதான்.

1967இல் ஏழு கட்சிக் கூட்டணி வந்ததும் கௌரியம்மா அதே துறைக்குத் திரும்பினார். கட்சி 1964இலேயே பிளந்திருந்தது. 1957இல் உடன் அமைச்சராக இருந்தபோதே மணந்துகொண்ட டி.வி. தாமஸ் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியில், இவர் மார்க்சிஸ்ட் கட்சியில். அந்த அமைச்சரவையிலும் இருவரும் இருந்தார்கள். இதைக் கதையாகச் சொல்லப் பலருக்கு ஆசை. ஓர் அமைச்சர் ஆணாக இருந்தால் அவருடைய நிலச் சட்டத்தைப் பற்றிய உரையில் மணவாழ்வு இவ்வளவு இடம் பிடிக்குமா என்று தெரியவில்லை, ஆகவே நகர்கிறேன்.

1969இன் திருத்தச் சட்டம் அவர் கையால் உருவானது. ஆனால் 1970 ஜனவரி 1 அன்று அது நடைமுறைக்கு வந்தபோது முதலமைச்சர் சி. அச்சுத மேனன். பெருமை யாருக்கு என்று இரு கம்யூனிஸ்ட் கட்சிகளும் இன்றுவரை வழக்காடுகின்றன. நமக்கு அடங்கல் போதும். அந்த நாளில் ஜன்மியின் உரிமை அரசுக்குப் போய், குத்தகைக்காரன் உடைமையாளன் ஆனான். அடுத்தவர் மண்ணில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரர், ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், பெருநகரத்தில் 3 சென்ட் வரை விலை கொடுத்து வாங்கும் உரிமை பெற்றார். 10 சென்டில் என்ன விளையும் என்று கேட்கலாம். நாலு தென்னை, ஒரு பலா, கொஞ்சம் மரவள்ளி. அதைவிட முக்கியம், முதலாளியிடம் கூலி உயர்வு கேட்டுவிட்டு அன்றிரவு வீட்டுக்குத் திரும்பிப் படுக்கலாம். மறுநாள் காலை குடிசையைப் பிரித்துப்போட ஆள் வராது. இந்தச் சட்டத்தை எதிர்த்துக் காசர்கோட்டின் எடநீர் மடாதிபதி தொடுத்த வழக்குதான், 13 நீதிபதிகள் அமர்ந்து 1973இல் தீர்ப்புச் சொன்ன கேசவானந்த பாரதி வழக்கு. அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு என்று நாம் பேசுவதெல்லாம் அங்கிருந்து வந்தது.

ஆக, மாறியது. மிக நன்றாகவே மாறியது. இங்கே உரையை முடித்துவிட்டால் பாராட்டுக் கூட்டம் ஆகிவிடும்.

‘உழுபவனுக்கு நிலம்’ என்ற சட்டத்தில் உழுபவன் என்றால் குத்தகை எடுத்தவன். சேற்றில் இறங்கியவன் வேறு ஆள். தலைமுறை தலைமுறையாக வயலில் வேலை செய்த தலித் கூலித் தொழிலாளி குத்தகைக்காரன் ஆக மாட்டான். அவனுக்குக் கிடைத்தது அந்த 10 சென்ட்தான், அதுவும் எல்லோருக்கும் இல்லை. தேயிலை, ரப்பர், ஏலம், காப்பித் தோட்டங்களுக்கு உச்சவரம்பு கிடையாது. ஆதிவாசிகளின் கதை இன்னும் மோசம். எழுத்தில்லாத உரிமையை எந்தக் கணக்கில் தேடுவது? அவர்கள் நிலம் குடியேறியவர்களின் கைக்குப் போய்க்கொண்டே இருந்தது.

அதை மீட்டுக் கொடுக்க 1975இல் ஒரு சட்டம் ஒருமனதாக நிறைவேறியது. விதிகள் எழுதப்பட்டது 1986இல். அதன்பிறகும் அசையவில்லை, வயநாட்டு மருத்துவர் ஒருவர் உயர் நீதிமன்றத்துக்குப் போய், நிறைவேற்றியே ஆக வேண்டும் என்று உத்தரவு வாங்கினார். அப்போதுதான் கேரளத்தின் இரு கட்சி முன்னணிகளுக்கும் ஒற்றுமை வந்தது. நிலத்தைத் திருப்பித் தருவதற்குப் பதிலாகச் சட்டத்தையே திருத்திவிடலாம் என்று 1996 செப்டம்பரில் மசோதா கொண்டுவந்தார்கள். ஆளுங்கட்சி ஆதரித்தது, எதிர்க்கட்சியும் ஆதரித்தது. எதிர்த்து ஒரே ஒரு வாக்கு விழுந்தது. அது கௌரியம்மாவின் வாக்கு.

அப்போது அவருக்கு வயது 77. 1987 தேர்தலில் முதலமைச்சர் ஆவார் என்று சுவர்களும் ஊர்வலங்களும் சொல்லி, ஆகாமல் போய், 1994இல் கட்சியிலிருந்தும் நீக்கப்பட்டு, ஜனாதிபத்திய சம்ரக்ஷண சமிதி என்று சொந்தக் கட்சி தொடங்கி, எதிர் முன்னணியில் போய்ச் சேர்ந்திருந்தார். தன் முன்னணியும் தன்னை நீக்கிய முன்னணியும் ஒரே பக்கம் கை தூக்கியபோது அவர் தனியாக நின்றார். 1959இல் நிறைவேறிய மசோதாவை எழுதியவருக்கு அதில் விட்டுப்போனது எது என்று மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது என்று நான் அந்த வாக்கைப் படிக்கிறேன். நீண்ட காலம் அரசியலில் இருப்பதால் ஒரு பயன் உண்டென்றால் அது இதுதான்: தான் எழுதிய சட்டம் எங்கே ஓட்டை விட்டது என்று பார்க்கும்வரை ஆள் அவையிலேயே இருப்பது. அந்த மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

இதையும் சொல்லியாக வேண்டும். 2001இல் ஏ.கே. அந்தோணி அமைச்சரவையில் அவர் வேளாண்மை அமைச்சர். 2003 பிப்ரவரி 19 அன்று வயநாட்டு முத்தங்காவில், நிலம் கேட்டுக் காட்டுக்குள் குடிசை போட்ட ஆதிவாசிகள் மீது காவல் துறை சுட்டது. கௌரியம்மா அமைச்சரவையிலிருந்து விலகவில்லை. 1996இல் தனியாகக் கை தூக்கியவர் 2003இல் ஏன் பதவியில் இருந்தார் என்று அவரை மதிக்கிறவர்கள்தான் முதலில் கேட்க வேண்டும். நான் கேட்டுப் பார்த்தேன். எனக்கு நிறைவான பதில் கிடைக்கவில்லை.

கடைசியாக, நம் ஆட்களைப் பற்றி. மூணாறு தேயிலைத் தோட்டங்களில் பெரும்பாலோர் தமிழர்கள். குடியிருப்பது லயம் எனப்படும் வரிசை வீடுகளில். லயத்து அறை வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். பாட்டி கொழுந்து பறித்த காட்டில் பேத்தி கொழுந்து பறிப்பாள், ஆனால் ஒரு சென்ட் நிலம் அவர்கள் பெயரில் இருக்காது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மீது விழுந்தது. 70 பேர் போனார்கள். அவர்களில் பலருக்குப் பூர்வீகம் நம் கயத்தாறு. அந்த ஆண்டு கௌரியம்மா ஆலப்புழை சாத்தநாட்டு வீட்டில் இருந்தார், வயது 101. அடுத்த ஆண்டு மே 11 அன்று காலமானார்.

ஐயா இருந்திருந்தால் பெட்டிமுடியின் கிராமக் கணக்கை எடுத்துவரச் சொல்லியிருப்பார். அதில் நிலத்துக்கு எதிரே யார் பெயர் இருக்கும் என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.