வானத்தில் ஒரு சரஸ்வதி

தருமபுரி மாவட்டம் அதியமான்கோட்டையில் கார்த்திகை மாத இரவொன்றில், நெடுஞ்சாலை வெளிச்சத்தை விட்டு விலகி வயல் பக்கம் நின்று மீன ராசியைப் பாருங்கள். வெறும் கண்ணுக்கு மங்கலான சில விண்மீன்களே தெரியும். ஆனால் அந்தத் திசையில்தான், ஏறத்தாழ 400 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் ‘சரஸ்வதி’ இருக்கிறது.

நமது பால்வெளி போன்ற விண்மீன் மண்டலங்கள் ஆயிரக்கணக்கில் திரண்ட மாபெரும் கொத்து அது. அகலம் 60 கோடி ஒளியாண்டு! 2017 ஜூலையில் இதை அறிவித்தவர்கள் புனேயின் ஐயுகா, ஐசர் உள்ளிட்ட நிறுவனங்களைச் சேர்ந்த நம் நாட்டு வானியலாளர்கள்.

இந்தக் கண்டுபிடிப்பால் என்ன பயன்? ஈர்ப்பு விசை விண்மீன் மண்டலங்களைச் சேர்க்கிறது. இருண்ட ஆற்றலோ பிரபஞ்சத்தை விரித்து அவற்றைப் பிரிக்கிறது. இந்த இழுபறியில் எந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய கொத்துகள் உருவாகியிருக்கும் என்று ஒவ்வொரு கோட்பாடும் கணக்குச் சொல்லும். வானில் எண்ணிப் பார்த்தால் எந்தக் கணக்குச் சரி என்பது தெரிந்துவிடும். சரஸ்வதியின் ஒளி கிளம்பியபோது பிரபஞ்சத்துக்கு வயது ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டு. அதற்குள் இவ்வளவு பெரிய கொத்து எப்படித் திரண்டது? கோட்பாடுகள் பதில் சொல்லியாக வேண்டும்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. இந்தக் கண்டுபிடிப்புக்கு உதவிய ஸ்லோன் வான் அளவீட்டின் தகவல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தருமபுரி மாவட்டத்தில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளே, அவற்றை எடுத்துப் பாருங்கள்.