இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் குறளைப் பற்றியோ கம்பனைப் பற்றியோ பேசுவது நம் சங்கத்தின் வழக்கம். அதற்குத் தகுதி வாய்ந்தவர்கள் எங்களுக்கு முன்னரே பேசி அமர்ந்துவிட்டார்கள். எங்களுக்கு வாய்த்த பொருளோ ஒரு பழைய பிக்கப் வண்டி. "நீங்கள் மூவரும் பட்ட பாட்டைச் சொல்லுங்கள், காலனியில் இன்னும் நாலு பிள்ளைகள் வண்டி வாங்கப் போவதாகக் கேள்வி" என்று செயலாளர் பணித்தார். தட்ட முடியவில்லை.

மூவர் யார் என்பதையும் சொல்லிவிடுகிறோம். டீசல் எஞ்சின் ஷெட்டில் பிட்டராயிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். கோல் பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர். கரக்பூரிலேயே பிறந்து வளர்ந்தவராகையால் வங்காளி எழுதவும் படிக்கவும் அறிந்தவர். மூன்றாமவர் மெட்ரிக் தேறி ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் பதிவேடும் கூட்டல் கழித்தலுமே. மூவர் சார்பிலும் இப்போது பேசுவது அவர்தான்.

நம் காலனியில் ஒரு சகோதரி இருக்கிறார். பெயர் வேண்டாம், அறிந்தவர்கள் அறிவீர்கள். அவர் கணவர் வாகன் ஷாப்பில் முப்பத்தைந்து ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றார்; ஓய்வு பெற்ற பதினோராவது மாதம் காலமானார். பணியிலிருக்கும்போது இறந்திருந்தால் வாரிசுக்கு வேலை கேட்க வழியுண்டு. ஓய்வுக்குப்பின் இறந்தவர் குடும்பத்துக்கு அது இல்லை. மகள் திருமணம் போக, கையில் மீந்தது 3,60,000 ரூபாய். மகனுக்கு வயது இருபத்து நான்கு. ரயில்வேத் தேர்வு மூன்று முறை எழுதிக் கிடைக்கவில்லை. "மாமா, ஒரு பழைய பிக்கப் எடுத்துக் குடுத்தா நான் பொழச்சுக்குவேன்" என்றான். நம் காலனியில் ஆபீஸ் நாற்காலியில் அமராத பிள்ளையைப் பிள்ளையாகவே எண்ணாத சிலர் உண்டு. அவர்கள் சொன்னதை இங்கே திருப்பிச் சொல்லவில்லை. அந்தத் தாய் எங்களிடம் சொன்னது ஒன்றே: "அண்ணா, இது அவரோட முப்பத்தஞ்சு வருஷம். பாத்து வாங்கிக் குடுங்க."

2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் பார்க்கப் போனோம். முதலில் நாங்கள் செய்த பிழையைச் சொல்கிறோம்.

பழைய வண்டிகளை வாங்கி விற்கும் தரகர் ஒருவரிடம் 2016இல் பதிவான பிக்கப் ஒன்று நின்றது. புதிதாக வண்ணம் பூசியிருந்தார்கள். இருக்கைக்குப் புதிய உறை. ஓடோமீட்டரில் 68,400 கிலோமீட்டர். விலை 3,20,000. அந்த எண்ணைக் கண்டதும் எங்கள் மூவருக்குமே மனம் குளிர்ந்துவிட்டது. மற்ற இடங்களில் பார்த்தவை யாவும் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று ஓடியவை. "இது குறைவாக ஓடிய வண்டி, விட்டால் கிடைக்காது" என்று நாங்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு 15,000 ரூபாய் முன்பணம் கொடுத்து வந்தோம். இரண்டு முறை போனோம்; இரண்டு முறையும் எங்கள் வருகைக்கு முன்பே எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்கள். அதை மரியாதை என்று கருதினோம்!

அன்றிரவு குமாஸ்தா படுத்தபடி கணக்குப் போட்டார். அதை வண்டியின் முன் நிற்கும்போதே போட்டிருக்க வேண்டும். எட்டு ஆண்டு, ஆண்டுக்கு 300 நாள் வேலை எனக் கொண்டால் 2,400 நாள். 68,400ஐ அதனால் வகுத்தால் நாளொன்றுக்கு 28.5 கிலோமீட்டர். இங்கிருந்து மேதினிப்பூருக்கு ஒரு முறை போய்த் திரும்பும் தூரம், அவ்வளவே. வாடகைக்கு ஓடும் சரக்கு வண்டி ஒரு நாளில் அந்த ஒரு நடையோடு நின்றால் தவணைப் பணத்துக்கே காணுமா? நாளெல்லாம் எண்களோடு பழகுகிறவர் ஓர் எண்ணைக் கண்டு மயங்கினார் என்றால் வெட்கக்கேடுதான்.

மறுநாள் சொல்லாமல், விடியற்காலையில் போனோம். எஞ்சின் குளிர்ந்திருந்தது. பெரியவர் ஒரு சிறு சுத்தியலும் டார்ச் விளக்கும் கொண்டுவந்திருந்தார். வண்டியின் அடியில் பாயை விரித்துப் படுத்து, சாஸியின் நீளவாட்டுச் சட்டத்தை முனை தொடங்கித் தட்டிக்கொண்டே போனார். முற்காலத்தில் ஸ்டேஷனில் வண்டி நின்றதும் சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பார்களே, அதைப்போல. முன்பக்கம் கணீரென்றது. சரக்குத் தொட்டியின் பின்பாதிக்கு வந்ததும் ஓசை மங்கியது. துரு செதில் செதிலாக அவர் முகத்தில் விழுந்தது. புதிய கறுப்பு வண்ணத்தின் கீழே ஓரிடத்தில் தகடு வைத்துப் பற்றவைத்த வடு. "மீன் வண்டி" என்றார் பெரியவர். தீகா மோகனாவிலிருந்து பனிக்கட்டியோடு மீன் ஏறி வரும் வண்டிகளை நம் சாலையில் நாள்தோறும் காண்கிறோம். உருகிய உப்புநீர் பலகை இடுக்கு வழியே சாஸியின்மேல் சொட்டிக்கொண்டேயிருக்கும். மேலே எத்தனை முறை கழுவினாலும் உள்மூலையில் தங்கிய உப்பு இரும்பை அரிப்பதை நிறுத்தாது.

பிறகு எஞ்சினை முடுக்கச் சொன்னார். நெடுநேரம் முக்கியே கிளம்பியது, நீலப்புகை வந்தது. டீசல் எஞ்சினில் கறும்புகை எரிபொருள் சரியாக எரியாததைக் காட்டும். நீலப்புகை மசகெண்ணெயும் சேர்ந்து எரிவதைக் காட்டும். அது செலவு மிகுந்த நோய். எஞ்சின் ஓடும்போதே எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்தார்; இட்லிப் பானையைத் திறந்தாற்போல் குபுகுபுவென்று ஆவி வந்தது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தால், எரிந்த வாயு மேலே வேலை செய்யாமல் கீழே கசிந்து இப்படி வெளிவரும் என்று விளக்கினார்.

கடைசிச் சாட்சியை மளிகைக்காரர் கண்டுபிடித்தார். ஓட்டுநர் கதவின் உள்விளிம்பில், எண்ணெய் மாற்றும் கடைக்காரர்கள் ஒட்டும் சீட்டு ஒன்று பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த எண்ணெய் மாற்றம் 1,94,000 கிலோமீட்டரில் என்று அதில் பேனாவால் எழுதியிருந்தது. இக்காலத்து ஓடோமீட்டர் மின்னணுக் கருவி. கணினியைப் பொருத்தி அதன் எண்ணைச் சிறிது நேரத்தில் மாற்றிவிட முடிகிறது. எண்ணை மாற்றியவர்கள் சீட்டைச் சுரண்ட மறந்துவிட்டார்கள். பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்து இரும்பு மின்னியதை நாங்களும் முன்பே கண்டிருக்கலாம். இருக்கை உறையின் அழகில் அது கண்ணிற் படவில்லை.

தரகர் வாதாடவில்லை. "அப்படியானால் வேண்டாம்" என்று 8,000 ரூபாயைத் திருப்பித் தந்தார். மீதம் 7,000 போனது போனதுதான். அதை எங்கள் கைப்பணத்திலிருந்து சேர்த்து அந்தச் சகோதரியிடம் கொண்டுபோய்க் கொடுத்து, நடந்ததைச் சொன்னோம். அவர் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். அவர் வாங்கிக்கொண்டதுதான் எங்களுக்கு ஆறுதலாயிருந்தது.

அதன்பின் இரண்டு வாரம் எந்த வண்டியையும் பார்க்க எங்களுக்குத் துணிவு வரவில்லை. பையன்தான் ஓயாமல் தேடினான். பொரி வியாபாரம் செய்யும் வங்காளிப் பெரியவர் ஒருவர் தம் சொந்த வண்டியை விற்பதாக அறிந்து வந்தான். 2018 கடைசியில் புதிதாக எடுத்தது. முதல் உடைமையாளர் அவரே, ஓட்டியவரும் அவரே. ஓடோமீட்டரில் 2,31,000 கிலோமீட்டர். கேட்டதும் மூவரும் தலையசைத்து வேண்டாமென்றோம். "போய்ப் பாத்துட்டு வேணாம்னு சொல்லுங்க மாமா" என்றான் பையன்.

போனோம். வண்டி அழகாயில்லை. இடப்பக்கக் கதவு நசுங்கியிருந்தது. விலை கேட்பதற்கு முன்பே அப்பெரியவர் குறைகளைச் சொன்னார்: இரண்டாம் கியரில் ஓசை உண்டு, கிளச் தட்டு இன்னும் ஆறு மாதம் தாங்கும், பின்டயர் இரண்டையும் மாற்ற வேண்டும். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். டீசல் ஊற்றிய நாள், அளவு, கிலோமீட்டர், எண்ணெய் மாற்றம், ரேடியேட்டர் பழுது என எல்லாம் வங்காளியில் எழுதியிருந்தன. மளிகைக்காரர் வாசிக்க வாசிக்கக் குமாஸ்தா கூட்டினார். வாரம் மூன்று நடை கொல்கத்தா. போய்வர ஏறத்தாழ 250 கிலோமீட்டர். ஆண்டுக்கு 150 நடை, ஆறு ஆண்டில் 900. பெருக்கினால் 2,25,000. கணக்கு ஒத்தது. 2020 ஏப்ரல், மே மாதங்களுக்குரிய பக்கம் வெறுமையாயிருந்தது. விற்பனைக்கென்று உட்கார்ந்து பொய்க்கணக்கு எழுதுகிறவன் ஊரடங்கை நினைவில் வைத்துப் பக்கத்தை வெறுமையாக விட்டிருப்பானா?

வண்டி ஏற்றிய சரக்கையும் எண்ணிப் பாருங்கள். பொரி இடத்தை அடைக்குமேயன்றி எடை வைக்காது. வண்டி நிறையப் பொரி ஏற்றினாலும் வில்பட்டைக்குப் பாரம் தெரியாது. நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும் எஞ்சினுக்குத் தேய்மானம் குறைவு. சந்து பொந்துகளில் நின்று நின்று, ஜல்லியும் செங்கலும் அளவுக்கு மேல் சுமந்து ஐம்பதாயிரம் ஓடிய வண்டி இதைவிடக் கிழடாயிருக்கும். நம் பணிமனைக்கு வரும் சரக்கு வாகனின் பக்கப்பலகையில், கடைசியாக எந்தப் பணிமனையில், எந்நாளில் முழுப் பராமரிப்புக் கண்டது, அடுத்து எப்போது திரும்ப வேண்டும் என்று வண்ணத்தில் எழுதியிருக்கும். நம்மில் பாதிப்பேர் அந்த எழுத்தைப் படித்தே சம்பளம் வாங்குகிறோம். மோட்டார் வண்டி என்றதும் அது மறந்துபோயிற்று.

சுத்தியல் இங்கும் தட்டியது. முனை முதல் முனை வரை ஒரே ஓசை. குளிர்ந்த எஞ்சின் இரண்டாம் சுற்றில் கிளம்பியது. மூடியைத் திறந்தால் மெல்லிய ஆவி. "இந்த வயசுக்கு இது இருக்கும்" என்றார் பிட்டர். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் உண்டு: முதலிரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. முன்டயர்கள் 2023இல் செய்தவை. பேரம் பேசி 2,75,000க்கு முடித்தோம். கையிலுள்ளது முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடலாகாது என்பதில் பிட்டர் உறுதியாயிருந்தார். அவ்வாறே கிளச், பின்டயர், கியர்ப்பெட்டி வேலைகளுக்கு 41,500 ஆயிற்று. இன்ஷூரன்ஸ், பெயர் மாற்றம் எல்லாம் சேர்த்து 24,000.

தாள்களைப் பற்றி இளைஞர்கள் கூர்ந்து கேட்க வேண்டும். முதல் தரகர், "பெயர் மாற்றம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யாரோ வெறும் கையெழுத்திட்ட படிவத்தை நீட்டினார். பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கைமாறிப் போய்விட்டது என்று அவர் தப்ப முடியாது. ஆகவே பெயர் மாற்றத்துக்கு நேர்மையான விற்பனையாளரே அவசரப்படுவார். பொரிக்காரர் எங்களுடன் போக்குவரத்து அலுவலகத்துக்கு வந்து 29, 30ஆம் படிவங்களில் அங்கேயே கையெழுத்திட்டார். வங்கிக் கடன் தீர்ந்ததற்கான கடிதமும் 35ஆம் படிவமும் வைத்திருந்தார். கடன் பதிவு நீங்காத வண்டியை வாங்கினால் வங்கியின் பொருளை வாங்கியவராவோம். தகுதிச் சான்று, இன்ஷூரன்ஸ், கடன் ஆகியவற்றைக் கைப்பேசியில் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைக் கொடுத்தே காணலாம். தகுதிச் சான்று எட்டாண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் வேண்டும். பையனுக்குத் தன் ஓட்டுநர் உரிமம் போதுமா என்று கவலை. 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை இலகுரக உரிமத்தோடு ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்திருக்கிறது.

வண்டி ஒரு குறையுமின்றி ஓடுகிறது என்று சொன்னால் பொய்யாகும். மழைக்காலத்தில் ஒரு நாள் கோலாகாட் அருகே இன்ஜெக்டர் பழுதாகி, காய்கறி மூட்டைகளோடு ஒன்பது மணி நேரம் நின்றது. அந்த மாத வரும்படி அதற்கே சரியாயிற்று. அன்றிரவு அந்தத் தாய் எங்கள் வீட்டு வாசலில் வந்து ஒன்றும் பேசாமல் நின்றதை நாங்கள் மறக்கவில்லை. அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் வண்டி ஓடியது. இப்போது 2,58,000 காட்டுகிறது. பையனும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறான். தமிழில் எழுதுகிறான்.

இந்தப் பந்தலின் மூங்கில்களும், நீங்கள் அமர்ந்திருக்கும் நாற்காலிகளும், இன்றைய விருந்துக்குரிய அண்டாக்களும் அந்த வண்டியில் வந்தவையே. சங்கம் வாடகை கொடுத்திருக்கிறது. பொருளாளர் இரண்டு முறை பேரம் பேசினார் என்பதும் எங்கள் காதுக்கு எட்டியது. நாளைக் காலை நான்கு மணிக்குக் கொல்கத்தா நடை இருப்பதால், பாத்திரங்களை இரவு பத்தரைக்குள் ஏற்றிவிட வேண்டும் என்று பையன் சொல்லியனுப்பியிருக்கிறான். எனவே விருந்துக்கு வழிவிட்டு அமர்கிறோம்.