சுவாதி என்னும் சோதி

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் பேசவும் இசை பாடவும் வல்லார் பலர் கூடியுள்ள இவ்வவையில், பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வே அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்க்கும் நான் ஒரு விண்மீனைப் பற்றிப் பேச முன்வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். வானநூலைக் கல்லூரியில் கற்றவன் அல்லன் நான். நூலகத்திலிருந்து எடுத்துப் படித்தும், நாகபுரியின் கோடை இரவுகளில் மொட்டை மாடியில் படுத்தவாறு அண்ணாந்து பார்த்தும் அறிந்துகொண்டவற்றையே உங்கள்முன் வைக்கிறேன்.

சுவாதி என்னும் பெயரைக் கேளாத தமிழர் இலர். ஆனி மாதத்துச் சுவாதி பெரியாழ்வாரின் திருநாள். ஆடி மாதத்துச் சுவாதி சுந்தரமூர்த்தி நாயனாரின் குருபூசை நாள். பழந்தமிழில் இதற்குச் சோதி என்றும் பெயர். சுவாதியில் பெய்யும் மழைத்துளி சிப்பியுள் வீழ்ந்து முத்தாகும் என்னும் வழக்கு நம் நாட்டிலும் உண்டு. நாம் வந்து வாழும் இப்பக்கத்திலும் உண்டு. கோயிலில் அர்ச்சகர் கேட்டவுடன் பெயரோடு நட்சத்திரத்தையும் தவறாமல் சொல்லிவிடுகிறோம். ஆயினும், அந்த நட்சத்திரத்தைக் கண்ணால் கண்டவர் நம்முள் எத்தனை பேர்?

சென்ற கோடையில், நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் சிறுமி ஒருத்தி பாதித் தமிழும் பாதி இந்தியுமாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். “மாமா, நான் சுவாதி நட்சத்திரமாம். அது எங்கே இருக்கிறது?” அருகிலிருந்த அன்பர் ஒருவர், “பஞ்சாங்கத்தில் இருக்கிறது அம்மா” என்றார். எல்லோரும் சிரித்தோம். குழந்தை மட்டும் சிரிக்கவில்லை. அவ்வினாவே இவ்வுரைக்கு வித்தாயிற்று. சோதிடம் மெய்யா பொய்யா என்று வழக்காட நான் வரவில்லை. பெயருக்கு உரிய பொருளைக் காட்டுவதே என் நோக்கம்.

முதலில் அதனைக் காணும் வழியைச் சொல்லிவிடுகிறேன். வடதிசையில் சப்தரிஷி மண்டலத்தைப் பாருங்கள். திருமணத்தில் அருந்ததி பார்க்கச் சொல்வார்களே, அந்த அருந்ததியும் வசிட்டரும் அம்மண்டலத்தின் வால்பகுதியில் உள்ளவர்கள். அந்த வால் நேராக இராது, வில்போல் வளைந்திருக்கும். அவ்வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால், செம்மஞ்சள் நிறத்தில் ஒளிரும் பெரிய மீன் ஒன்று தென்படும். அதுவே சுவாதி. மேலும் அதே வளைவில் சென்றால் வெண்ணீல நிறமுடைய சித்திரை கிடைக்கும். வானின் வட பாதியில் உள்ள மீன்கள் அனைத்திலும் சுவாதியே ஒளி மிக்கது. முழு வானத்தையும் கணக்கிட்டால் நான்காவது இடம் பெறுவது. கிரேக்கர் இதற்கு ஆர்க்டூரஸ் என்று பெயரிட்டனர். கரடிக் காவலன் என்பது அதன் பொருள். நாம் ஏழு முனிவராகக் கண்ட கூட்டத்தை அவர்கள் கரடியாகக் கண்டார்கள். அதன் பின்னே செல்வதால் இதனைக் காவலனாக்கினார்கள்.

இரயில்வேக்காரன் என்னும் முறையில் இங்கு ஒரு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். சென்னையில் இம்மீன் உச்சி வானத்துக்கு வடக்கே ஏறக்குறைய 6 டிகிரி தள்ளிக் கடக்கிறது. நாம் கிராண்ட் டிரங்க் பாதையில் வடக்கு நோக்கி வர வர அது உச்சியை நெருங்குகிறது. விஜயவாடாவும் வாரங்கல்லும் கடந்து, 19 டிகிரி அட்சரேகையை ஒட்டிய பெல்லம்பள்ளியை அடைந்தால் கிட்டத்தட்ட நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. நாகபுரிக்கு வந்துவிட்டால் உச்சிக்குத் தெற்கே 2 டிகிரி அளவில் இறங்கிவிடுகிறது. ஊர்விட்டு ஊர் வந்த தொலைவை வானத்திலும் அளந்து பார்க்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

இனி அதன் நிறத்தைக் கவனிப்போம். ஆரஞ்சு நிறம் எத்தகையது என்று நாகபுரிவாசிகளுக்கு எவரும் சொல்லித் தர வேண்டா. ஆனால் ஒரு விண்மீனுக்கு அந்நிறம் ஏன் வந்தது? பட்டறையில் கொல்லுலையைப் பார்த்தவர்கள் இதனை எளிதில் உணர்வார்கள். இரும்பு சூடேறும்போது முதலில் மங்கிய சிவப்பாகவும், பின்னர்ச் செம்மஞ்சளாகவும், மேலும் காய்ந்தால் வெண்மையாகவும் ஒளிரும். விண்மீனுக்கும் அதே விதிதான். நம் சூரியனின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். சுவாதியின் மேற்பரப்போ சுமார் 4,000 டிகிரி. சூரியனைவிடக் குளிர்ந்திருப்பதால்தான் அது செம்மஞ்சளாகத் தோன்றுகிறது.

குளிர்ந்த மீன் மங்கலாக அன்றோ இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சுவாதியோ சூரியனைப் போல் சுமார் 170 மடங்கு ஒளியை வீசுகிறது. காரணம் அதன் பருமன். அதன் விட்டம் சூரியனின் விட்டத்தைப் போல் ஏறக்குறைய 25 மடங்கு. சூரியன் இருக்கும் இடத்தில் சுவாதியை வைத்தால், நீட்டிய கையின் முட்டியால்கூட மறைக்க முடியாத அளவுக்கு அது வானில் அகன்று தெரியும். சூரியனைப் போன்ற உருண்டைகள் 15,000க்கு மேல் அதனுள் அடங்கும். ஆனால் எடையைக் கணக்கிட்டாலோ, சூரியனைவிடச் சிறிதளவே மிகுதி! அவ்வளவு சிறிய எடை அவ்வளவு பெரிய உருவில் பரந்து கிடப்பதால், சராசரியாகப் பார்த்தால் அம்மீன் நாம் மூச்சுவிடும் காற்றைக் காட்டிலும் மெல்லியது.

இவ்வாறு அது ஊதிப் பெருத்ததன் காரணம் முதுமை. விண்மீன்களின் எரிபொருள் ஹைட்ரஜன். நடுக்கருவில் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்போது வெளிப்படும் ஆற்றலே ஒளியாகிறது. நம் சூரியன் இன்று அந்நிலையில் இருக்கிறது. சுவாதியின் நடுக்கருவில் ஹைட்ரஜன் தீர்ந்துவிட்டது. கரு சுருங்கி மேலும் சூடேறியது. அதனைச் சுற்றியுள்ள அடுக்கில் ஹைட்ரஜன் முன்னினும் வேகமாக எரியத் தொடங்கியது. அந்த ஆற்றலால் வெளிப்பகுதி விரிந்து, விரிந்ததால் குளிர்ந்து, செம்மஞ்சள் நிறம் கொண்டது. சூரியனின் வயது சுமார் 460 கோடி ஆண்டு. சுவாதியின் வயதோ ஏறத்தாழ 700 கோடி ஆண்டு என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

அன்பர்களே, இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். சுவாதி வேறு எவருடைய கதையோ அன்று. சூரியனை ஒத்த எடையுடைய மீன் முதுமையில் என்ன ஆகும் என்பதை அது நமக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகள் சென்றபின் நம் சூரியனும் இவ்வாறே பெருக்கும். மேலும் பெருத்துப் புதன் கோளை விழுங்கும். பூமியின் கடல்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே வற்றியிருக்கும். இறுதியில் மேலாடையைக் களைந்துவிட்டு, பூமியளவே உள்ள ஒரு வெண்ணிறக் கருவாக எஞ்சும். அஞ்ச வேண்டா; நம் பேரப்பிள்ளைகளின் திருமணத்துக்கு எவ்விதத் தடையும் இல்லை. ஆனால் என்றும் உள்ளது என்று நாம் எண்ணும் ஞாயிறும் பிறந்து வளர்ந்து மூப்படைவது என்னும் உண்மையை, தலைக்கு மேலேயே கண்ணால் பார்க்கலாம் என்பது எளிய செய்தியா?

அடுத்து அதன் தொலைவு. ஒளி ஒரு வினாடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சூரியனின் ஒளி நம்மை அடைய 8 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகிறது. சுவாதியின் ஒளி வந்துசேர ஏறக்குறைய 37 ஆண்டுகள் ஆகின்றன. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எங்கும் நில்லாமல் ஓடும் விரைவு வண்டி ஒன்றை அங்கு அனுப்பினால், அது போய்ச் சேர ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள் ஆகும். இன்றிரவு நம் கண்ணில் படும் அவ்வொளி புறப்பட்ட காலத்தில், முன்வரிசையில் அமர்ந்துள்ள பெரியோர் சிலர் கையில் ஒரு தகரப் பெட்டியோடு நாகபுரி நிலையத்தில் வந்து இறங்கியிருப்பார்கள். அவர்கள் இங்கே வீடு பிடித்து, மொழி பழகி, மக்களைப் பெற்று ஆளாக்கிய காலமெல்லாம் அவ்வொளி வந்துகொண்டே இருந்தது.

அமெரிக்காவில் ஒருமுறை இதனைக் கொண்டு ஓர் அழகிய செயலைச் செய்தார்கள். 1893ஆம் ஆண்டு சிகாகோ நகரில் பெரும் பொருட்காட்சி நடந்தது. 1933ஆம் ஆண்டு அங்கேயே மீண்டும் ஒரு பொருட்காட்சி. அக்காலத்தில் சுவாதியின் தொலைவு 40 ஒளியாண்டு என்று கருதப்பட்டது. முந்தைய காட்சியின்போது புறப்பட்ட ஒளி இப்போது வந்துசேர்கிறது என்று கணக்கிட்டு, யெர்க்ஸ் முதலிய வானாய்வு நிலையங்களின் தொலைநோக்கிகளால் அதனைப் பிடித்து, ஒளிமின்கலத்தில் விழச் செய்து, அதனால் எழுந்த மின்னோட்டத்தைக் கொண்டு காட்சியின் விளக்குகளை ஏற்றினார்கள். பிற்கால அளவையின்படி தொலைவு சுமார் 37 ஒளியாண்டுதான் என்பது தெளிவாயிற்று. கணக்கில் மூன்றாண்டு வேறுபாடு. ஆயினும் விளக்கு எரிந்தது சுவாதியின் ஒளியால் என்பது மெய்.

விண்மீன்களை நிலைமீன்கள் என்று முன்னோர் கூறினர். அந்நம்பிக்கையை அசைத்த மீன்களுள் சுவாதியும் ஒன்று. 1718ஆம் ஆண்டில் எட்மண்டு ஹாலி என்னும் ஆங்கில அறிஞர், பழைய கிரேக்கப் பட்டியலிலுள்ள இடங்களோடு தம் காலத்து இடங்களை ஒப்பிட்டபோது, சுவாதி உள்ளிட்ட சில மீன்கள் இடம் மாறியிருப்பதைக் கண்டார். சுமார் 800 ஆண்டுகளில் ஒரு முழுநிலவின் அகலம் அளவு அது சித்திரை இருக்கும் திசையில் நகர்கிறது. நம் சூரியனும் அண்டை மீன்களும் பால்வீதியின் நடுவை ஏறக்குறைய ஒரே போக்காகச் சுற்றிவர, சுவாதியோ அக்கூட்டத்தோடு ஒட்டாமல் வினாடிக்குச் சுமார் 122 கிலோமீட்டர் வேகத்தில் நம்மைக் கடந்து செல்கிறது. அதே போக்குடைய மீன்கள் வேறு பலவும் உண்டு. அவை பிற அண்டம் ஒன்றிலிருந்து வந்து குடியேறியவை என்று ஒரு சாரார் கூறினர். இங்கேயே பிறந்தவைதாம் என்று மற்றொரு சாரார் மறுத்தனர். வழக்கு இன்னும் தீரவில்லை. வந்தேறிகளா உள்ளூராரா என்னும் கேள்வி வானத்தையும் விட்டபாடில்லை போலும்!

இன்னும் சுமார் 4,000 ஆண்டுகளில் சுவாதி நமக்கு மிக அருகில் வரும். அருகில் என்றாலும் இப்போதைய தொலைவுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இராது. அதன்பின் விலகி விலகி, பல லட்சம் ஆண்டுகள் கழித்துக் கண்ணுக்குத் தெரியாமற் போகும். மனிதன் எழுதவும் எண்ணவும் கற்ற சில ஆயிரம் ஆண்டுகளில் அது அண்மையில் இருப்பது நம் நற்பேறு.

இவற்றையெல்லாம் தமிழில் எடுத்துரைக்க இயலாதோ என்று தயங்க வேண்டியதில்லை. இவ்வுரையில் நான் வழங்கிய சொற்கள் பெரும்பாலும் நம் வீட்டுச் சொற்களே. பொங்கல் விழாவும் நாடகமும் நம் சங்கத்துக்கு வேண்டும். அவற்றில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் பாட்டியோடு பேசவும் பண்டிகை கொண்டாடவும் மட்டுமே தமிழ் என்று நம் பிள்ளைகள் எண்ணிவிட்டால், பாட்டிக்குப் பின் அம்மொழி அவர்கள் நாவில் தங்காது. அறிய வேண்டுவதையும் தமிழில் கேட்கலாம், தமிழில் விடை பெறலாம் என்று அவர்களுக்குத் தோன்ற வேண்டும். அந்தச் சிறுமி கேட்டதுபோல் உங்கள் வீட்டுக் குழந்தையும் ஒருநாள் கேட்கும். அப்போது பஞ்சாங்கத்தைக் காட்டி நிறுத்திவிடாதீர்கள்.

மே மாத நடுவில் இரவு 11 மணி அளவில் சுவாதி நம் ஊரில் உச்சிக்கு வரும்; அம்மாத இறுதியில் 10 மணிக்கே வந்துவிடும். மழைக்காலம் தொடங்கிவிட்டால் மேகம் மறைத்துவிடும் ஆதலால், அதற்கு முன்பாகவே பிள்ளைகளை மாடிக்கு அழைத்துச் சென்று காட்டுங்கள். தொலைநோக்கி வேண்டா, கண் இருந்தாற் போதும். வழி தெரியாதவர்கள் என்னிடம் சொன்னால், இரவுப்பணி இல்லாத நாளில் நானே உங்கள் வீட்டுக்கு வந்து காட்டித் தருகிறேன்.