வீட்டிலிருந்தபடியே கணக்கெழுதும் தொழில்
(மகளிர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வீட்டிலிருந்து வேலை பார்ப்பது நம் வடகரைப் பக்கத்துப் பெண்களுக்குப் புதிதன்று. மடியில் தட்டை வைத்து, இலை வெட்டி, தூள் இட்டு, நூல் சுற்றி, கடையில் எண்ணிக் கொடுத்த தலைமுறை இங்கே முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கழித்துப் போட்டது எத்தனை, இலை குறைந்தது எத்தனை என்று எழுதிய கை மட்டும் வேறொருவருடையது. அந்தப் பீடிக் காசில் படித்த பெண்கள் இன்று பி.காம். பட்டத்தோடும் கைக்குழந்தையோடும் வீட்டில் இருக்கிறார்கள். எழுதுகிற கை இனி நம்முடையதாக இருக்கலாமே என்று சொல்லத்தான் வந்தேன்.

வேலை எங்கே இருக்கிறது? கடைக்காரருக்கும் ஆடிட்டருக்கும் நடுவே இருக்கிறது. கடைக்காரர் பில்களை ஆணியில் குத்தி வைப்பார். கெடு நெருங்கியதும் பையில் அள்ளிப்போட்டுத் தென்காசிக்கு ஓடுவார். தினந்தோறும் அவற்றைப் பேரேட்டில் ஏற்றி, வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்த்து வைக்க ஆளில்லை. 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தபின் இந்தக் குறை பெரிதாகிவிட்டது. பதிவு செய்தவர், வியாபாரமே நடக்காத காலத்துக்கும் படிவம் போடவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 20 ரூபாய், வியாபாரம் இருந்தால் 50 ரூபாய் என்று, உச்சவரம்பு வரை தாமதக் கட்டணம் ஏறும்.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. “வருஷத்துக்கு நாற்பது லட்சத்துக்குள்தானே வியாபாரம், எனக்கெதற்கு ஜி.எஸ்.டி.?” என்பார் ஒருவர். பொருள் விற்பவருக்கு 40 லட்சம், சேவை செய்பவருக்கு 20 லட்சம் என்ற வரம்பு மெய்தான். ஆனால் புளியரை தாண்டினால் கேரளம் அல்லவா! வரியுள்ள சரக்கில் ஒரே ஒரு லோடு புனலூர்க்காரருக்கு விற்றாலும் அந்த வரம்பு அவருக்கு உதவாது. பதிவு செய்தே ஆகவேண்டும். விற்பனையில் சிறு விகிதம் மட்டும் வரி கட்டும் காம்போசிஷன் முறையில் இருப்பவரோ, வெளிமாநிலத்துக்கு விற்கவே கூடாது. சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் வண்டியோடு இ-வே பில்லும் போகவேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு 2018 ஏப்ரல் முதல் இதுவே நடைமுறை. பச்சைக் காய்கறி, தேங்காய், வைக்கோல் ஆகியவற்றுக்கு வரியில்லை. அறுத்த மரத்துக்கும் சிமெண்டுக்கும் உண்டு. இந்த வேறுபாடு தெரிந்த பெண் தெருவுக்கு ஒருத்தி இருந்தால் எத்தனை வண்டிகள் வழியில் நிற்காமல் போகும்!

கற்பது எப்படி? பெங்களூரில் 1986-இல் தொடங்கிய நிறுவனத்தின் டாலியைப் பல கடைகளிலும் காணலாம். நமக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் ஜோஹோவும் கணக்குக்கென்று ஒரு மென்பொருள் வைத்திருக்கிறது. எனினும் முதலில் காகிதத்தில் பற்று வரவு எழுதிப் பழகுங்கள் என்பேன். இரட்டைப் பதிவு முறையை விளக்கி வெனிஸ் நகரில் 1494-இல் நூல் அச்சிட்டவர் லூக்கா பச்சோலி என்ற பிரான்சிஸ்கன் சபைத் துறவி. முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. வணிகரிடையே இருந்ததை எழுதிவைத்தார். அன்றாடக் குறிப்பேட்டில், எழுதத் தெரிந்தால் வீட்டுப் பெண்களும் எழுதலாம் என்பது அந்த நூலிலேயே இருக்கிறது. ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய சங்கதி!

ஆடிட்டர் என்று மட்டும் பலகை மாட்டாதீர்கள். 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது சார்ட்டர்ட் அக்கவுண்டன்டுக்கு உரிய தொழில். ஜி.எஸ்.டி. படிவம் போட்டுக்கொடுக்கும் பிராக்டிஷனராக பி.காம். படித்தவர் விண்ணப்பிக்கலாம், அதற்குத் தேர்வு உண்டு.

இதைவிடக் கடினமானது வாய்க்கட்டு. சிறிய ஊரில் எதிரெதிர்க் கடைகள் இரண்டும் உங்களிடமே வரக்கூடும். ஒருவர் என்ன விலைக்கு வாங்கினார், யாருக்கு எவ்வளவு கடன் என்பது மற்றவர் காதுக்குப் போகலாகாது. உங்கள் மாமியார் காதுக்கும்தான். ஒருமுறை கசிந்தால் இரண்டு கடையும் போய்விடும். சரக்கே வராமல் பில்லை மட்டும் கொண்டுவந்து ஏற்றச் சொல்பவரும் இருப்பார். அறிந்தே துணைபோனவரையும் சட்டம் விடாது. அந்தக் கடையை இழப்பதே மேல்.

கூலியை முதலிலேயே பேசுங்கள். சித்தப்பா கடைதானே என்று இனாமாகத் தொடங்கினால் இறுதிவரை இனாம்தான். மாதம் எத்தனை பில், அதற்கு எத்தனை மணி நேரம் என்று எண்ணித் தொகை சொல்லுங்கள். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எடுத்தால் ஆண்டுக் கணக்கு முழுதாக உங்கள் கையில் நிற்கும். நடுவில் எடுத்தால் பழைய பில்களைத் தேடி எழுத வேண்டியிருக்கும், அதற்குத் தனிக் கூலி கேளுங்கள்.