பார்த்தால் நின்றுவிடுமா அணு?

(விக்கிரமசிங்கபுரத்தில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய வகுப்பில் ஆற்றிய உரை)



இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் கூலியும் அல்ல, குத்தகையும் அல்ல, அணுவின் விஷயம். மில்லுக்கும் வயலுக்கும் போகிறவர்களுக்கு அணுவைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். நாம் அதைத் தேடிப் போகவில்லை; அதுதான் நம் தெருவைத் தேடி வந்திருக்கிறது. மனோசக்திப் பிரசங்கம் செய்கிறவர்கள் முன்பெல்லாம் புராணத்தைச் சாட்சிக்கு அழைத்தார்கள். இப்போது குவாண்டம் பௌதிகத்தை அழைக்கிறார்கள். "பார்க்கிறவன் பார்ப்பதால்தான் பொருளே உண்டாகிறது என்று விஞ்ஞானம் சொல்லிவிட்டது. உலகம் மனத்தின் தோற்றம். உன் வறுமையும் உன் மனத்தின் தோற்றமே" என்பது அவர்கள் பேச்சின் சாரம். வறுமை மனத்தில் இருந்தால் கூலி உயர்வு கேட்பானேன்? மனத்தை மாற்றிக்கொண்டால் போதுமே! இந்தப் பேச்சு யார் காதுக்கு இனிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் வெறுமனே ஏசிவிட்டுப் போனால் காரியம் ஆகாது. அவர்கள் காட்டும் சாட்சி முழுக் கற்பனை அல்ல. பார்த்துக்கொண்டே இருந்தால் மாறாமல் நிற்கும் அணு உண்மையிலேயே உண்டு. அதைக் கணக்குப் போட்டுச் சொன்னவர் நமக்கு அடுத்த வீட்டுக்காரர்தான்.

அவர் இ. சி. ஜி. சுதர்சன். செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால், கோட்டயத்தை அடுத்த பள்ளத்தில் 1931-ல் பிறந்தவர். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியிலும் சென்னைச் சர்வகலாசாலையிலும் படித்தவர். 1980-களில் சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்துக்கு டைரக்டராக இருந்தார். 2018-ல் காலமானார். அமெரிக்காவில் டெக்சாஸ் சர்வகலாசாலையில் பணிபுரிந்தபோது, 1977-ல், பைத்யநாத் மிஸ்ராவுடன் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். தானாகவே சிதையும் இயல்புள்ள ஒரு துகளை இடைவிடாமல் கவனித்துக்கொண்டே இருந்தால் அது சிதையாது என்று அந்தக் கணக்கு காட்டிற்று. இதற்கு ஜீனோவின் பெயரை வைத்தார்கள். ஜீனோ சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்கர். பறக்கும் அம்பு ஒவ்வொரு கணத்திலும் ஓர் இடத்தில் நிற்கிறது, அப்படியானால் அது நகர்வது எப்போது என்று கேட்டு எல்லோரையும் திணற அடித்தவர்.

ஏன் நிற்கிறது? இதுதான் விஷயத்தின் உயிர்நாடி. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பாபநாசத்திலிருந்து ஒரு பஸ் புறப்படுகிறது. புறப்பட்ட உடனே அது வேகம் எடுப்பதில்லை. முதல் செகண்டில் ஒரு அடி நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு செகண்டில் நான்கு அடி, மூன்று செகண்டில் ஒன்பது அடி, பத்து செகண்டில் நூறு அடி. இப்போது ஒரு செக்கிங் இன்ஸ்பெக்டர் செகண்டுக்கு ஒரு தடவை பஸ்ஸை நிறுத்தி டிக்கெட் பார்க்கிறார். ஒவ்வொரு தடவையும் நின்ற நிலையிலிருந்து மறுபடி புறப்பட வேண்டும். பத்து செகண்டில் எவ்வளவு போகும்? பத்தே அடி. அரை செகண்டுக்கு ஒரு தடவை நிறுத்தினால் ஐந்து அடி. செகண்டுக்குப் பத்துத் தடவை நிறுத்தினால் ஒரே ஒரு அடி! இன்னும் அடிக்கடி நிறுத்தினால் பஸ் நின்ற இடத்திலேயே நிற்கும்.

அணுவின் மாற்றமும் இப்படித்தான் தொடங்குகிறது. நகரும் தூரத்துக்குப் பதிலாக மாறுவதற்கான வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் அது மிக மெதுவாக வளர்கிறது. இடையில் சோதித்தால் மறுபடி ஆரம்பத்திலிருந்து. பஸ்ஸை நிறுத்தியது இன்ஸ்பெக்டரின் கண்ணா, பிரேக்கா என்பதுதான் இப்போது நம் முன்னுள்ள கேள்வி.

இதைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். 1990-ல் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்தில், போல்டர் நகரில், இட்டானோ, வைன்லண்ட் முதலிய விஞ்ஞானிகள் சுமார் 5,000 பெரிலியம் அயனிகளை, அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்களை, மின்சார, காந்த விசைகளால் ஆன பொறிக்குள் பிடித்து வைத்தார்கள். ஒரு ரேடியோ அலையை 256 மில்லிசெகண்ட், அதாவது ஏறக்குறையக் கால் செகண்ட் செலுத்தினால், அவ்வளவு அயனிகளும் கீழ்ப் படியிலிருந்து மேல் படிக்கு ஏறிவிடும். இடையிடையே புற ஊதா ஒளியை ஒரு துடிப்பாகப் பாய்ச்சினார்கள். கீழ்ப் படியில் இருப்பது ஒளியைச் சிதறி மின்னும். மேல் படியில் இருப்பது இருண்டு கிடக்கும். இதுதான் "பார்ப்பது".

முடிவில் ஒரே ஒரு தடவை பார்த்தால் எல்லாம் ஏறியிருக்கும். இரண்டு தடவை பார்த்தால் பாதிதான் ஏறும் என்கிறது கணக்கு. நான்கு தடவை என்றால் 37.5 சதவீதம். பதினாறு தடவை என்றால் 13 சதவீதம். அறுபத்து நான்கு தடவை என்றால் 4 சதவீதம்கூட இல்லை. ஒளித் துடிப்புகள் தாமே எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்தால் இன்னும் குறையும். பரிசோதனையும் அப்படியே குறைந்துகொண்டு போயிற்று. வைன்லண்டுக்கு 2012-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி ஊன்றிக் கவனியுங்கள். அந்த அறுபத்து நான்கு தடவைகளில் யார் பார்த்தார்கள்? இடையில் விழுந்த துடிப்புகளின் விடையை எந்த மனிதனும் குறித்துக்கொள்ளவே இல்லை. கடைசியில்தான் எண்ணினார்கள். இடையில் இருந்ததெல்லாம் ஒளியும் அயனியும்தான், மனம் அல்ல. விஞ்ஞானிகள் காப்பி குடிக்கப் போயிருந்தாலும் விடை அதுவே. மறு ஆண்டே பாலன்டைன் என்ற விஞ்ஞானி, இதை விளக்க ஒளித் துடிப்புகளின் பாதிப்பே போதும், வேறு மர்மம் தேவையில்லை என்று எழுதினார்.

மில்லில் நூலின் பலத்தை எப்படிச் சோதிக்கிறோம்? சிட்டத்தை மாட்டி, இழுத்து, அறுத்து. பார்த்தால் மட்டும் தெரியாது. சோதனை என்பது பொருள்மீது பொருள் செய்யும் வேலை. வயலில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். முளைத்துவிட்டதா என்று மணிக்கொரு தடவை விதையைத் தோண்டிப் பார்த்தால் முளைக்காது. முளையை நிறுத்தியது கண் அல்ல, மண்வெட்டி.

ஆனால் இந்த உவமையை அளவுக்கு மேல் இழுக்கக் கூடாது. "அப்படியானால் அணுவுக்குள் விடை முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, நம் கருவி முரட்டுத்தனமாகத் தொட்டதால் கெட்டது, அவ்வளவுதானே?" என்று நினைத்துவிடுவோம். அதுவும் சரியல்ல. பெல்பாஸ்ட் நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, கல்லூரியில் சேருமுன் ஓராண்டு சோதனைச்சாலைச் சிப்பந்தியாக வேலை பார்த்த ஜான் பெல், 1964-ல் ஒரு கணக்கு போட்டார். தூரத்திலுள்ள பொருள்கள் ஒன்றையொன்று உடனுக்குடன் பாதிப்பதில்லை என்று கொண்டால், விடைகள் எல்லாம் முன்பே உள்ளே எழுதப்பட்டிருக்க முடியுமா என்பதைப் பரிசோதனையிலேயே பார்த்துவிடலாம் என்றார். பார்த்தார்கள், முடியாது என்று வந்தது. கிளாசர், ஆஸ்பெ, சைலிங்கர் மூவருக்கும் இதற்காக 2022-ல் நோபல் பரிசு.

ஆகவே உலகம் நாம் பழகிய கோலிக்குண்டுகளைப் போன்றது அல்ல. அதற்காக உலகமே இல்லை என்றாகிவிடுமா? பொருள், நம் மனத்தைச் சாராமல் இருக்கிறது என்பதே பொருள்முதல்வாதம். அது கோலிக்குண்டு வடிவில்தான் இருக்க வேண்டும் என்று நாம் எங்கே சொன்னோம்? எலெக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டபோதும் "பொருள் மறைந்தது" என்ற கூச்சல் எழுந்தது. 1909-ல் வெளிவந்த லெனினுடைய நூல் அந்தக் கூச்சலுக்கு விடையாக எழுதப்பட்டதே.

பெரிய விஞ்ஞானிகளே மனத்தை இழுத்துவிட்டதும் உண்டு. யூஜின் விக்னர் 1961-ல் அப்படி எழுதினார். பிற்காலத்தில் அவரே அதைக் கைவிட்டார். பிரசங்கிகள் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள். சுதர்சனுக்கே வேதாந்தத்தில் ஈடுபாடு உண்டு. இருக்கட்டும், அது அவர் விருப்பம். அவருடைய கணக்கில் எந்த வரியிலும் ஆத்மாவுக்கு இடம் இல்லை. காலமும் வாய்ப்பும் சோதனையும்தான் இருக்கின்றன. பல வாய்ப்புகள் கலந்து கிடக்கும் நிலை, எந்தக் கட்டத்தில், எப்படி ஒரே விடையாகிறது என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்றும் சண்டை ஓயவில்லை. 1952-ல் டேவிட் போம் ஒரு வழி சொன்னார். 1957-ல் எவரெட் வேறு வழி சொன்னார். இதில் தீர்ப்பு வந்துவிட்டதாக நாம் வேஷம் போட வேண்டாம். தீராத வழக்கைக் காட்டிக் காசு பறிக்கிறவனையும் நம்ப வேண்டாம்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். நம் ஜில்லாவிலேயே கூடங்குளத்தில் 2013-லிருந்து அணு உலை ஓடுகிறது. அதன் எரிபொருளில் சீசியம்-137 போன்ற கதிரியக்கப் பொருள்கள் உண்டாகின்றன. அவற்றை விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் கதிர்வீச்சு நின்றுவிடாதா?

நிற்காது. மெதுவாகத் தொடங்கும் அந்த முதல் கட்டம் இத்தகைய அணுக்கருக்களில் கற்பனைக்கும் எட்டாத அளவு குறுகியது. அதற்குள் குறுக்கே விழ எந்தக் கருவியாலும் முடியாது; மனிதக் கண் எந்த மூலைக்கு! போதாக்குறைக்கு 2001-ல், சுதர்சன் இருந்த அதே டெக்சாஸ் சர்வகலாசாலையில் ரெய்சன் குழுவினர் குளிர்ந்த சோடியம் அணுக்களை வைத்து இன்னொன்றையும் காட்டினார்கள். சோதிக்கும் இடைவெளி மிகக் குறுகியதாக இருந்தால் அணுக்கள் தப்பிப் போவது மெதுவாகிறது. இடைவெளியைச் சற்று நீட்டினால் முன்னிலும் வேகமாகிறது! தியானத்தால் அணு அடங்கும் என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

சீசியம்-137 பாதியாகக் குறைய சுமார் 30 ஆண்டுகள் ஆகும். 60 ஆண்டில் கால், 90 ஆண்டில் அரைக்கால். மந்திரம் சொன்னாலும் அதே கணக்கு, சொல்லாவிட்டாலும் அதே கணக்கு. அதன் பக்கத்தில் வேலை செய்ய நேரும் தொழிலாளிக்குப் பாதுகாப்பு மூன்றே: தள்ளி நிற்கும் தூரம், இடையே கனமான தடுப்பு, அங்கே இருக்கும் நேரத்தைக் குறைப்பது. இந்த மூன்றையும் நிர்வாகத்திடம்தான் கேட்டு வாங்க வேண்டும்.